மூளைக்குள் ஒரு கறுப்புச் சுரங்கம்

நெய்வேலிக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை அவசியம் போய்ப் பாருங்கள். மாடி வீட்டையும் மிஞ்சும் ராட்சத இயந்திரங்கள் தம் சக்கரங்களைச் சுழற்றி மேல் மண்ணை அடுக்கடுக்காகச் சீவித் தள்ளுகின்றன. அதற்கெல்லாம் அடியில், பூமாதேவியின் வயிற்றுக்குள், கன்னங்கரேலென்று படுத்திருக்கிறது பழுப்பு நிலக்கரி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் ஆரம்பம். அந்தக் கறுப்பு இன்று எத்தனையோ ஊர்களுக்கு விளக்கேற்றுகிறது.

உங்கள் தலைக்குள்ளும் இப்படி ஒரு கறுப்புச் சுரங்கம் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

மூளையின் அடிப்பாகத்தில், நடுமூளை என்னும் இடத்தில், கறுப்புச் சாயம் தோய்ந்த இரண்டு மெல்லிய பட்டைகள் உண்டு. டாக்டர்கள் அதற்கு லத்தீன் மொழியில் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'கறுப்பான பொருள்' என்று அர்த்தம், அவ்வளவுதான்! அங்கேயுள்ள உயிரணுக்கள் 'டோபமின்' என்ற ரசாயனத்தைத் தயாரித்து அனுப்புகின்றன. நீங்கள் காபி டம்ளரைத் தளும்பாமல் எடுப்பதும், கையை வீசி நடப்பதும், பேரனைப் பார்த்ததும் முகம் மலர்வதும் அதன் தயவால்தான்.

அந்தச் சுரங்கம் வற்றத் தொடங்கினால்? கை நடுங்குகிறது. உடம்பு விறைக்கிறது. நடை தயங்குகிறது. முகத்தில் சிரிப்பு வர மறுக்கிறது. இதைத்தான் நாம் நடுக்குவாதம் என்கிறோம். 1817-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களில் சிலரை அவர் தெருவில் போகும்போது கவனித்ததோடு சரி! ஆனாலும் வியாதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

வேலியோரத்து மருந்து

நெய்வேலி மண்ணிலிருந்து கறுப்பு வெளிவந்த அதே பத்தாண்டில், சென்னையில் இன்னொரு புதையல் கிடைத்தது. பூனைக்காலிக் கொடியை உங்களில் பலர் அறிவீர்கள். அதன் காய் மேலே பட்டுவிட்டால் போதும், அன்று முழுவதும் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். அந்தக் கொடியின் விதையிலிருந்து 'லெவோடோபா' என்ற பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் ரசாயனக் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்து, 1937-ல் அறிவித்தார்கள். அதுதான் நடுக்குவாதத்துக்கு மருந்தாகப் போகிறது என்று அப்போது உலகத்தில் யாருக்குமே தெரியாது!

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1957-ல் ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன் சில முயல்களுக்கு 'ரிசர்பின்' என்ற மருந்தைக் கொடுத்தார். அதுவும் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரில் உள்ள சரக்குத்தான். முயல்கள் காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. பிறகு டோபாவை ஊசி மூலம் செலுத்தினார். சற்று நேரத்தில் முயல்கள் எழுந்து நடமாடின! நோயாளிகளின் மூளையில் டோபமின் குறைந்திருப்பதை 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச் கண்டுபிடித்தார். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் நோயாளிகளுக்கு இதை வாய்வழியாகக் கொடுத்து வெற்றி கண்டார். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் நடுக்குவாதத்துக்குத் தலையாய மருந்து லெவோடோபாதான்.

உடனே வேலியோரத்துக்குப் போய் விதை பொறுக்கத் தொடங்கிவிடாதீர்கள்! விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். மாத்திரையில்தான் அளவு நிச்சயம்.

நடந்தது ஒரு விபரீதம்

மருந்து, குறைந்த சரக்கை ஈடு செய்கிறது. சுரங்கம் வற்றுவதை நிறுத்துவதில்லை. ஏன் வற்றுகிறது? இதற்கு ஒரு துப்பு, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது.

1982-ல் கலிபோர்னியாவில் சில இளம் வயதினர் திடீரென்று கற்சிலை போல் உறைந்துபோனார்கள். பேச்சில்லை, அசைவில்லை. டாக்டர் லாங்ஸ்டன் என்பவர் துருவி விசாரித்ததில் உண்மை வெளிவந்தது. அவர்கள் ஏற்றிக்கொண்ட கள்ளப் போதைமருந்து பக்குவம் தவறி, 'எம்.பி.டி.பி.' என்ற விஷம் அதில் உண்டாகியிருந்தது. அந்த விஷம் மூளையின் மற்றப் பகுதிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, கறுப்புச் சுரங்கத்தைத் தேடிப் போய் அழித்திருந்தது!

அந்தத் துயரம் விஞ்ஞானிகளுக்கு ஒரு கருவியாயிற்று. அதைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் நம் நாட்டுப் பெண்மணி, டாக்டர் விஜயலட்சுமி ரவீந்திரநாத்.

பெண் எலிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

இவர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி, 1986-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் சேர்ந்தவர். 2000-ல் ஹரியானாவில், மானேசரில் அமைந்த தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் முதல் டைரக்டர். 1996-ல் பட்நாகர் பரிசும், 2010-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றவர்.

நடுக்குவாதம் பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக வருகிறது. காரணம் என்ன? இந்த அம்மையாரும் குழுவினரும் சுண்டெலிகளுக்கு அந்த விஷத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண் எலிகளின் கறுப்பு அணுக்கள் மடிந்தன. பெண் எலிகளோ, ஒன்றுமே நடக்காதது போல் இருந்தன!

நெய்வேலிவாசிகளுக்கு இது சுலபமாக விளங்கும். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் சிறு சிறு மின் நிலையங்கள் இருக்கின்றன. 'மைட்டோகாண்ட்ரியா' என்று பெயர். விஷம் போய்த் தாக்குவது அங்குள்ள முதல் இயந்திரத்தை. அதைப் பழுது பார்க்க 'குளூட்டாரெடாக்ஸின்' என்று ஒரு புரதம் இருக்கிறது. அதுதான் அங்கே ஃபிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் எலியில், இயந்திரம் கெட்ட பிறகு கூடுதல் ஃபிட்டர்களுக்கு ஆள் அனுப்புகிறார்கள். பெண் எலியிலோ, எல்லா ஷிப்டிலும் போதுமான ஃபிட்டர்கள் முன்கூட்டியே வேலையில் இருக்கிறார்கள்!

அவர்களை வேலைக்கு அமர்த்துவது யார்? பெண்களிடம் அதிகமாக உள்ள 'ஈஸ்ட்ரோஜன்' என்ற சுரப்பு. அதன் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது பெண் எலிகளின் இயந்திரமும் பழுதடைந்தது. இதை இக்குழுவினர் 2004-ல் வெளியிட்டார்கள்.

கதை இதோடு நிற்கவில்லை. துவரம்பருப்பில் கலப்படம் செய்கிறார்களே கேசரிப்பருப்பு, அதையே மாதக் கணக்கில் உண்டால் கால்கள் விறைத்துப் போகும். அதுவும் ஆண்களையே அதிகம் தாக்குகிறது. அம்மையார் ஆராய்ந்தபோது, அங்கேயும் அடிபடுவது அதே முதல் இயந்திரம். ஆண் எலிகளில் அடி பலமாக விழ, பெண் எலிகள் தாக்குப் பிடித்தன! வேறு வேறு வியாதிகள், வாசல் ஒன்று. அந்த வாசலைக் காக்க வழி கண்டால், சுரங்கம் வற்றுவதையே தடுக்கலாம் அல்லவா? ஆனால் எலியில் கண்டது மனிதனுக்குப் பலிக்க வேண்டும். அப்படி ஒரு மருந்து இன்னும் வரவில்லை.

மறதி நோயையும் இவர் விடவில்லை. நம் அமுக்கராக் கிழங்கின் சாறு, அந்த நோயுள்ள எலிகளின் மூளையில் சேர்ந்த கசடைக் குறைத்தது என்று 2012-ல் இவர் குழு அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், சாறு வேலை செய்தது மூளையில் அல்ல, ஈரலில்! இதுவும் எலியோடு நிற்கிற சங்கதிதான். பிறகு இவர் முன்னின்று நடத்திய பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் ஜில்லாவின் ஸ்ரீனிவாசபுரம் கிராமங்களில், 45 வயதைத் தாண்டிய 10,000 பேரை ஆண்டுக் கணக்கில் கவனிக்கும் பெரிய வேலையைத் தொடங்கியது. முதுமையில் யாருக்கு அறிவு மங்குகிறது, யாருக்கு மங்கவில்லை என்று அறியத்தான்.

உங்கள் வீட்டில் கவனியுங்கள்

விஞ்ஞானிகள் வாசலைத் தேடட்டும். வீட்டிலிருக்கும் நாம் செய்ய வேண்டியது என்ன?

கை நடுக்கம் வெளியே தெரியும்போது, அந்தக் கறுப்பு அணுக்களில் பாதிக்கு மேல் போயிருக்கும் என்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே சில அறிகுறிகள் தலைகாட்டுவதுண்டு. தாளிக்கிற வாசனை அப்பாவுக்குத் தெரியவில்லையா? அவருடைய கையெழுத்து வர வரச் சிறுத்துக்கொண்டே போகிறதா? நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறதா? தூக்கத்தில் கனவு கண்டு உதைக்கிறாரா? குரல் தணிந்துவிட்டதா? இவற்றில் ஒன்று இருந்தால் உடனே பயந்துவிட வேண்டாம். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பல சேர்ந்து வந்தால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லித் தள்ளிவிடாமல் நரம்பு வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.

மருந்து ஆரம்பித்தால் மணி தவறாமல் கொடுங்கள். டாக்டரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். தினமும் நடக்கச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் நடந்தால் இன்னும் நல்லது. இன்னொன்று முக்கியம்: முகத்தில் சிரிப்பு இல்லையே என்று அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். சிரிப்பு உள்ளே இருக்கிறது. வெளியே கொண்டுவரும் சரக்குத்தான் குறைந்திருக்கிறது.