செரண்டிபைற்: ஒரு கல்லின் பெயரில் ஒரு தீவு

உலகில் அரிதாகக் கிடைக்கும் கனிமங்களுள் ஒன்று செரண்டிபைற். போரன், சிலிக்கன், அலுமினியம், மக்னீசியம், கல்சியம் ஆகியன சேர்ந்த, நீலமும் பச்சையும் கலந்த இக்கல், 1902 ஆம் ஆண்டு கண்டிக்கு அண்மையில் கங்கப்பிட்டியவில் கண்டெடுக்கப்பட்டது. அதனை ஆராய்ந்து பெயரிட்டவர்கள் பிரையர் என்னும் ஆங்கிலேயரும், யாழ்ப்பாண வழிவந்த தமிழரான சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமியுமாவர்.

'சரந்தீப்' என்பது அரபு மாலுமிகள் இலங்கைக்கு வழங்கிய பெயராகும். 'சிங்களத்தீவு' எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபே அது என்பர். 1344 ஆம் ஆண்டு இங்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலையைச் சரந்தீப் மலை என்றே குறித்துள்ளார். அப்பெயருடன், கனிமங்களைக் குறிக்கும் 'ஐற்' விகுதி சேரவே செரண்டிபைற் ஆயிற்று.

சுண்ணக்கல்லாலான நமது தீவகத்தில் இக்கனிமம் இல்லை. ஆயினும் அப்பெயரைத் தந்த கடல் வணிகத்தின் சான்று இங்குண்டு. பிறதேசத்து வணிகர் ஊர்காவற்றுறைக்கே வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும், வணிகக் கப்பல் உடைந்தால் சரக்கில் பாதி உரியவருக்கே சேரவேண்டும் என்று, 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழிற் பொறித்த கல்வெட்டு நயினாதீவில் உள்ளது.

அந்நியருக்கும் அடைக்கலம் உறுதி செய்த அதே வடபுலத்திலிருந்துதான் 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அரபுச் சொல்லைத் தமிழர் ஒருவர் கல்லுக்குச் சூட்டினார். அந்தப் பெயரில் இணைந்திருப்பதை மண்ணிலும் இணைப்பது நமது கடமையாகும்.