பாறைக் குழியில் ஒரு கடல்

நெய்தல் என்றவுடன் திருமுருகன்பூண்டி வட்டாரத்து மக்களாகிய நமக்குத் தறியோசையே நினைவுக்கு வரும். தமிழ் இலக்கணமோ கடலும் கடல் சார்ந்த நிலமும் நெய்தல் என வகுத்து, அதற்குரிய சிறுபொழுதாக எற்பாட்டைச் சுட்டுகின்றது. இதனை மனப்பாடம் செய்யும் மாணவருட் பலர் அந்நிலத்தை நேரிற் கண்டதில்லை. கண்டவரும் மணலில் நின்று அலையைப் பார்த்துத் திரும்பியிருப்பர். கடலுயிர்களின் வாழ்க்கையை அருகிருந்து காண விழைவோர் பாறைக் கரையை நாட வேண்டும்.

திங்களின் ஈர்ப்பால் நம் கரைகளிற் கடல்நீர் நாள்தோறும் இருமுறை ஏறி, இருமுறை வற்றுகின்றது. இதுவே ஓதம். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழியும். அமாவாசை, பௌர்ணமி நாட்களையொட்டி ஞாயிறும் திங்களும் நேர்கோட்டில் நின்று ஈர்ப்பதால் ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். பிறைக் கணக்கறிந்த நம் பெரியோர்க்கு இது எளிதில் விளங்கும். நீர் வற்றும்போது பாறைக் குழிகளில் தங்கிவிடும் சிறு நீர்நிலையே ஓதக் குட்டை.

அக்குட்டையில் வாழ்வது எளிதன்று. வெயிலில் நீர் சூடேறி, ஆவியாகி, உப்பு மிகும். மழை பெய்தால் உப்புத் திடீரெனக் குறையும். ஒளியில்லா இரவிற் பாசிகள் உயிர்வளியை உண்டாக்குவதில்லை. அனைத்துயிரும் இருப்பதையே மூச்சில் செலவிடும். இத்தனைக்கும் ஈடுகொடுக்க ஒவ்வோர் உயிரும் ஒரு வழி கண்டுள்ளது. பாறையில் ஒட்டிய கொட்டலசு, நீர் வற்றியதும் ஓட்டுக் கதவுகளைச் சாத்தி உள்ளீரத்தைக் காக்கும். நீர் வந்ததும் திறந்து, இறகனைய கால்களால் இரையை அள்ளும். கடற்சாமந்தி தன் உணர்கொம்புகளைச் சுருக்கிச் சிறு கட்டியாகிவிடும். துறவி நண்டோ வயிற்றைக் காக்கும் ஓடு தனக்கின்மையால், இறந்த நத்தையின் கூட்டிற் குடியேறும். கரையிற் கிடக்கும் வெற்றுக் கூட்டை நாம் எடுத்து வந்தால், ஓர் உயிருக்கு உதவும் வீட்டை எடுத்தவராவோம்.

தமிழகத்தில் இத்தகைய உயிர்வளத்திற்குப் பெயர்பெற்றது மன்னார் வளைகுடா. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் சூழ்கடலுமாக 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. பாம்பனை அடுத்த குருசடைத் தீவு அவற்றுள் ஒன்று. முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றிற்கும் உள்ள உறவை ஆராயத் துணைபுரியும் பலனோகிளாசசு என்னும் புழு அங்கு வாழ்வதை விலங்கியல் மாணவர் அறிவர்.

அத்தீவுகளைச் சூழ்ந்திருந்த முருகைக்கற்களை, அதாவது பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்திற்குமாகப் பல்லாண்டுகள் பெயர்த்தெடுத்தனர். எடுத்தவர்க்கு அது வெறுங்கல். தீவுக்கோ அலையைத் தடுக்கும் அரண். அரண் குலைய, அரிப்பு மிகுந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கின. 2001ஆம் ஆண்டிற் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பெற்றன. மூழ்கிய தீவுகளைச் சட்டம் மீட்டுத் தர இயலாது.

ஆதலின் பாறைக் கரைக்குச் செல்வோர் சில நெறிகளைப் போற்றுதல் வேண்டும். காப்பிடமாயின் வனத்துறையின் அனுமதி பெறுக. ஓத நேரம் அறிந்து, நீர் வற்றும்போது சென்று, ஏறத் தொடங்கியதும் திரும்புக. பாசி படர்ந்த பாறையை மிதியாது வெறும் பாறையிற் கால் வைக்க. கற்களைப் புரட்டற்க, அவற்றின் அடியில் நிழலை நம்பி வாழும் உயிர்கள் வெயில் பட்டால் மடியும். கண்ணாற் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிக் கொணர்க. கையால் எடுத்து வரற்க.

இப்பாடம் கடற்கரையார்க்கு மட்டும் உரியதன்று. நம் ஊரைத் தழுவும் நல்லாறு நொய்யலிற் கலக்கின்றது. நொய்யல் காவிரியிற் சேர்கின்றது. காவிரி செல்லுமிடம் கடல். 2011ஆம் ஆண்டு சனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட நாட்களையும், அதனால் அடுப்பெரியாத வீடுகளையும் நாம் மறந்திலோம். நீரைக் கெடுத்தால் பிழைப்பும் கெடும் என்பதை அன்று பட்டறிந்தோம். அந்த அறிவோடு செல்பவர்க்கே, உள்ளங்கையளவு குட்டையும் கடலாகத் தோன்றும்.