திறன்பேசியும் கமராவும்: ஒளிப்பட ஆர்வலரின் உழைப்புப் பற்றிச் சில குறிப்புகள்

1

ஒளிப்படத் துறையில் ஈடுபாடுடையோர் மத்தியில் அண்மைக் காலத்தில் அடிக்கடி எழுப்பப்படும் வினாவொன்றுண்டு. திறன்பேசி எல்லோர் கையிலும் இருக்கும்போது கமரா என்னும் தனிக் கருவி இனியும் வேண்டப்படுகின்றதா என்பதே அது. இதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் இரு முனைகளில் நிற்கின்றனர். ஒரு சாரார் படப்புள்ளிகளின் எண்ணிக்கையையும் விலையையும் முன்வைத்துத் திறன்பேசியின் வெற்றியைப் பிரகடனஞ் செய்வர். மறு சாரார் கமராவையே கலையின் மெய்யான கருவியாகக் கொண்டு, திறன்பேசியாற் படம் பிடிப்போரை ஏளனமாக நோக்குவர். இரு சாராருமே கருவியைத் தனித்துப் பார்க்கின்றனர். கருவிக்கும் அதனைக் கையாளும் மனிதருக்கும் இடையிலான உறவும், அவ்வுறவைத் தீர்மானிக்கும் உற்பத்தி முறையும் இவர்தம் கவனத்துக்கு வருவதில்லை.

இத்தகைய விவாதம் புதியதன்று. ஒளிப்படம் கலையா அன்றா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த நீண்ட விவாதத்தைப் பற்றிக் குறிப்பிடும் வால்ரர் பென்யமின், ஒளிப்படத்தின் வருகையாற் கலையின் இயல்பே மாறிவிட்டதா என்ற அடிப்படை வினாவை எவரும் எழுப்பவில்லை என 1930களில் எழுதிய கட்டுரையிற் சுட்டிக்காட்டினார். அதே எச்சரிக்கை இங்கும் பொருந்தும். திறன்பேசி கமராவின் இடத்தைப் பிடிக்குமா என்று கேட்பதற்கு முன்னர், படம் பிடித்தல் என்னும் செயலில் எப்பகுதி யாருடைய உழைப்பாக இருக்கின்றது என்று கேட்டல் வேண்டும்.

இவ்விடத்து ‘ஆர்வலர்’ எனப்படுபவர் யார் என்பதும் தெளிவாதல் நன்று. பியர் பூர்தியுவும் அவருடைய சகாக்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானோரின் ஒளிப்படச் செயற்பாடு திருமணம், குழந்தைப்பேறு, விடுமுறை ஆகிய குடும்ப நிகழ்வுகளைப் பதிந்து குடும்ப ஒருமைப்பாட்டை உறுதிசெய்வதாக அமைகின்றது எனக் காட்டினர். ஒளிப்படக் கழகங்களிற் சேர்ந்தோர் இப்பொது வழக்கத்திலிருந்து தம்மை வேறுபடுத்திக்கொண்டனர் என்பதும் அவ்வாய்வில் விளக்கம் பெறுகின்றது. எனவே ஆர்வலர் என்பார் படத்தைப் பெறுவதில் மாத்திரமன்றிப் படத்தை ஆக்குவதிலும் நாட்டங் கொண்டவர். ஊதியத்துக்காக அன்றித் தேர்ச்சிக்காக உழைப்பவர். நமது வினா இவரைப் பற்றியதே.

2

வரலாற்று நிலைநின்று நோக்குமிடத்து, ஆக்கும் உழைப்பைப் பயனாளரிடமிருந்து பிரித்தெடுக்கும் போக்குத் திறன்பேசியுடன் தோன்றியதன்று. 1839இல் டாகேரின் முறை பகிரங்கப்படுத்தப்பட்ட காலத்திற் படம் பிடிப்பவரே தகட்டைத் தயாரிக்கவும் இரசாயனக் கலவைகளைக் கையாளவும் வேண்டியிருந்தது. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் சந்தைக்குக் கொணர்ந்த கொடாக் கமரா இந்நிலையை மாற்றிற்று. 25 டொலர் விலையுடைய அப்பெட்டியில் நூறு படங்களுக்கான சுருள் முன்கூட்டியே இடப்பட்டிருந்தது. படங்கள் முடிந்ததும் பெட்டியை முழுமையாக ரொச்செஸ்ரர் நகரிலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பவேண்டும். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்குபவரின் பணி. எஞ்சியவற்றை நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் விளம்பரத்தின் சாரம். 1900இல் ஒரு டொலருக்கு வெளிவந்த பிரௌனி கமரா இம்முறையைச் சாதாரண மக்களிடமும் சிறுவரிடமும் கொண்டுசென்றது.

இதற்கு எதிர்முகமான ஒரு வளர்ச்சியும் நிகழ்ந்தது. ஒஸ்கார் பர்னாக் உருவாக்கி 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா, சினிமாச் சுருளைப் பயன்படுத்தும் சிறிய கருவியாயினும், ஒளித்துவாரம், ஒளிபடும் நேரம், குவியம் ஆகியவற்றைப் பயனாளரின் தீர்மானத்துக்கு விட்டது. ஆகவே, எல்லாவற்றையும் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் கருவி, தீர்மானங்களைப் பயனாளரிடம் விடும் கருவி என இரு மரபுகள் நெடுங்காலம் அருகருகே இயங்கி வந்துள்ளன. திறன்பேசி முதலாவது மரபின் இன்றைய வாரிசு.

இவ்வாரிசுரிமையைச் சந்தைத் தரவுகளும் உறுதிசெய்கின்றன. ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி 2010இல் 12 கோடிக்கு மேற்பட்ட இலக்கமுறைக் கமராக்கள் விநியோகிக்கப்பட்டன. 2023இல் அத்தொகை 80 இலட்சத்துக்கும் குறைவு. இவ்வீழ்ச்சியின் பெரும்பகுதி வில்லை மாற்றமுடியாத சிறு கமராக்களையே சார்ந்தது. அதாவது பிரௌனியின் வழிவந்த கருவியைத் திறன்பேசி ஏறக்குறைய முற்றாக அகற்றிவிட்டது. வில்லை மாற்றத்தக்க கமராக்களும் வீழ்ச்சி கண்டனவெனினும், 2023இல் அவை அறுபது இலட்சமளவில் நிலைத்திருந்தன. லைக்காவின் வழிவந்தது சுருங்கிற்று, மறையவில்லை. அஃது ஏன் மறையவில்லை என்பதற்கான காரணங்களுள் ஒன்று பௌதிகஞ் சார்ந்தது.

3

கருவிக்குள் ஒளியைப் பெறும் பகுதி ஒளியுணரி எனப்படும். 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமுங் கொண்ட முழுச்சட்டக ஒளியுணரியின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். திறன்பேசிகளிற் பொருத்தப்படும் மிகப் பெரிய ஒளியுணரிகளுள் ஒன்றான ‘ஓரங்குல’ வகையின் பரப்பு ஏறத்தாழ 116 சதுர மில்லிமீற்றர் மாத்திரமே. பெரும்பாலான திறன்பேசிகளில் இதுவும் இல்லை. முன்னையது பின்னையதிலும் ஏழு மடங்குக்கு மேற் பெரியது.

இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம் யாது? ஒளி துகள்களாக, ஒழுங்கற்ற முறையில் வந்து விழுகின்றது. ஒரு புள்ளியில் நூறு துகள்கள் விழுமாயின் அவ்வெண்ணிக்கையில் ஏறத்தாழப் பத்து அளவிலான தளம்பல் இயல்பாகவே இருக்கும். அதாவது நூற்றுக்குப் பத்து. பத்தாயிரம் துகள்கள் விழுமாயின் தளம்பல் நூறு. அதாவது நூற்றுக்கு ஒன்று. இருளிற் பிடித்த படங்களிற் காணப்படும் பொரிபொரியான புள்ளிகள் பெரும்பாலும் இதன் விளைவே. பெரிய ஒளியுணரியும் அதற்கேற்ற பெரிய வில்லையும் கூடுதலான துகள்களைச் சேகரிக்கின்றன. தூரத்துப் பறவையைப் படம் பிடிக்க வேண்டும் நீண்ட குவியத்தூரத்தையும், சட்டைப்பையில் அடங்கும் தடிப்புடைய கருவிக்குள் ஓரளவுக்கு மேல் அடக்கவியலாது. பௌதிக விதிகள் விளம்பரத்துக்குக் கட்டுப்படுவனவல்ல.

இக்குறைபாட்டைத் திறன்பேசி கணிப்பின் மூலம் ஈடுசெய்கின்றது. ஒரு படத்துக்குப் பதிலாகப் பல படங்களை மிக விரைவாக எடுத்து, அவற்றை ஒன்றன்மீதொன்று பொருத்தி, சராசரி கண்டு தளம்பலைக் குறைத்தலே அடிப்படை முறை. கூகிள் நிறுவனம் 2018இல் அறிமுகஞ் செய்த இரவுக்காட்சி முறை இதனாலேயே வெற்றி கண்டது. அப்பிள் நிறுவனம் 2019இல் விளக்கிய முறையில் ஒன்பது படங்கள் இணைக்கப்படுகின்றன. அவற்றுள் எட்டு, பயனாளர் பொத்தானை அழுத்துவதற்கு முன்னரே எடுக்கப்பட்டுவிடுகின்றன.

அசையாத காட்சிகளில் இம்முறை வியக்கத்தக்க பயனைத் தருகின்றது. ஆயின் இரவில் மங்கிய விளக்கொளியில் ஆடப்படும் நாட்டுக்கூத்தொன்றை எண்ணிப் பார்க்கலாம். வட்டமாகச் சுழலும் ஆட்டக்காரரின் கையும் உடையும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்குமிடையில் இடம்பெயர்ந்துவிடும். மென்பொருள் அவ்விடங்களிற் படங்களை இணைக்காது விட்டாற் பொரிபொரியான தன்மை மீளும். இணைத்தால் உருவம் கலங்கும். ஒரே கணத்தில் வேண்டிய ஒளியைப் பெற்றுக்கொள்ளும் பெரிய வில்லைக்கு இங்கு நிகரில்லை. மறுபுறத்தில், பகலொளியில் வீதிக் காட்சியொன்றையோ மனித முகத்தையோ பிடித்துச் சஞ்சிகைப் பக்கமளவில் அச்சிடுவதாயின், இரு கருவிகளின் வேறுபாட்டைக் காண்பது பயின்ற கண்ணுக்கும் அரிதாகலாம்.

4

தொழினுட்ப ரீதியான விடை இத்துடன் நிறைவுறுகின்றது. ஆயின் சமூக ரீதியான வினா இங்குதான் தொடங்குகின்றது. கணிப்பு என்பது நடுநிலையான செயலன்று. எந்த நிழலை உயர்த்துவது, எந்தத் தோலை மிருதுவாக்குவது, வானத்துக்கு எவ்வளவு நீலம் ஊட்டுவது என்பன மென்பொருளை ஆக்கியோரின் தீர்மானங்கள். அத்தீர்மானங்கள் எக்காட்சி சந்தையில் விரும்பப்படும் என்ற மதிப்பீட்டின் அடிப்படையில் அமைவன. 2023 மார்ச் மாதத்தில் வெளிவந்த ஒரு செய்தி இதனைத் தெளிவாக்கிற்று. பயனாளரொருவர் வேண்டுமென்றே தெளிவிழக்கச் செய்த நிலவுப் படமொன்றைக் கணினித் திரையிலிட்டு, அதனைச் சம்சுங் திறன்பேசியாற் படம் பிடித்தார். திரையில் இல்லாத நுண்விவரங்கள் பிடிக்கப்பட்ட படத்திற் காணப்பட்டன. நிலவை இனங்கண்டு அதன் விவரங்களைச் செயற்கை நுண்ணறிவு மூலம் மேம்படுத்தும் முறை தமது கருவியில் இயங்குவதை அந்நிறுவனமும் விளக்கியது. படம் சாட்சியமாக இருத்தல் வேண்டும் என்று கருதுவோர் இதனை எளிதிற் கடந்துசெல்லவியலாது.

மனிதத் தோலின் நிறத்தை எடுத்துக்கொண்டால் இப்பிரச்சினை எம்மை நேரடியாகத் தொடுகின்றது. கொடாக் முதலிய நிறுவனங்களின் வண்ணச் சுருள்களும், ஆய்வுகூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்பட்ட மாதிரி அட்டைகளும் நெடுங்காலம் வெள்ளைநிறப் பெண்களின் தோலையே அளவுகோலாகக் கொண்டிருந்தன என்பதைக் கனடிய ஆய்வாளர் லோர்னா ரொத் 2009இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். கருந்தோலைச் செம்மையாகக் காட்டுவதைத் தனியொரு சிறப்பம்சமாக அறிவித்துக் கூகிள் தனது திறன்பேசியை வெளியிட்டது 2021இலேயே. இன்றும் பல திறன்பேசிகளில் முகத்தை அழகுபடுத்தும் ஏற்பாடு தோலை வெளிறச் செய்கின்றது. கறுப்பு அழகன்று என்ற கருத்துநிலை இங்கு விவாதமாக வருவதில்லை. கருவியின் இயல்பான செயற்பாடாக வந்துசேர்கின்றது. இந்நிலையில் ஆர்வலர் தீர்மானங்களைத் தம் கையில் வைத்திருக்க விரும்புவதை வெறும் பழைமைப் பற்று எனத் தள்ளிவிடவியலாது.

தொழிலாளர் நிலைநின்றும் இதனை நோக்குதல் தகும். 2013 மே மாதத்திற் ‘சிக்காகோ சன்-ரைம்ஸ்’ நாளிதழ் தனது 28 முழுநேர ஒளிப்படக் கலைஞர்களையும் ஒருங்கே வேலைநீக்கஞ் செய்தது. தொடர்ந்து செய்தியாளருக்குத் திறன்பேசியாற் படம் பிடிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. அக்காலத் திறன்பேசி அக்கலைஞர்களின் கமராக்களுக்கு ஈடானதன்று. ஈடாக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. செலவைக் குறைப்பதற்குப் போதுமானதாக இருந்தாற் போதும். ‘பதிலீடு’ என்ற சொல் தரத்தைப் பற்றியதன்று, பெரும்பாலும் உழைப்பின் விலையைப் பற்றியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5

எனினும் கமராவை விடுதலையின் கருவியாக உயர்த்திப் பேசுவதும் தவறாகும். தனிக் கமராவும் முன்கூட்டித் திட்டமிடப்பட்ட இயந்திரமே. இன்றைய கமராக்களிற் கண்ணை இனங்கண்டு குவியப்படுத்துவதும், வில்லையின் பிழைகளைத் திருத்துவதும் மென்பொருளே. மேலும், தேர்ச்சிக்குரிய ஓய்வும் கருவியை வாங்கும் வசதியும் எல்லா வர்க்கத்தினருக்கும் வாய்த்ததில்லை. இலங்கையின் நவீன ஒளிப்படக் கலைக்கு வித்திட்ட லயனல் வென்ட் (1900–1944) சட்டமும் பியானோவும் பயின்ற கொழும்பு மேற்றட்டினர். அவருடைய சாதனை பெரிது. ஆயின் அச்சாதனைக்குரிய கருவிகளும் இருட்டறையும் அக்காலத் தோட்டத் தொழிலாளிக்கோ விவசாயிக்கோ எட்டாதவை. அவர்கள் படங்களிற் பொருளாக இடம்பெறலாம். படம் பிடிப்போராக இடம்பெறவில்லை. இன்று தொழிலாளியின் கையிலும் மாணவரின் கையிலும் படம்பிடிக்கும் கருவியொன்று இருப்பது வரலாற்று முன்னேற்றம் என்பதை மறுப்போர், தாம் அறிந்தோ அறியாமலோ, பழைய சலுகையைக் காப்போரே.

மலிவான கருவி தன்னளவில் விடுதலையைத் தருவதில்லை. அதனைச் சுற்றி எழும் அமைப்பே அதற்குப் பொருள் தருகின்றது. இதற்கு ஜேர்மனியத் தொழிலாளர் ஒளிப்பட இயக்கம் நல்ல முன்னுதாரணமாகும். 1926இல் வில்லி முன்சென்பேர்க்கின் படச் சஞ்சிகை, தொழிலாளர் தம் வாழ்க்கையைத் தாமே படம் பிடித்து அனுப்பவேண்டுமென அழைப்பு விடுத்தது. அதே ஆண்டில் ‘தொழிலாளி ஒளிப்படக்காரன்’ என்ற பொருள்படும் பெயரில் ஓர் இதழும் தோன்றிற்று. அவ்விதழ் தொழினுட்பப் பாடங்களைத் தந்தது. உறுப்பினரின் படங்களை விமர்சித்தது. 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியில் அவ்வியக்கம் நசுக்கப்பட்டது. அவ்வியக்கத்தினரின் பலம் விலையுயர்ந்த கருவியிலன்று, கூட்டாகக் கற்றதிலேயே தங்கியிருந்தது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் விடை பின்வருமாறு அமையும். குடும்பப் படப்பிடிப்பின் இடத்தைத் திறன்பேசி ஏலவே பிடித்துவிட்டது. ஆர்வலரின் பணிகளிலும் பகலொளி, வீதி, ஆவணம் ஆகியவற்றைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் போதுமானது. அசைவும் இருளும் சேருமிடத்திலும், தூரத்துப் பொருளிலும், மிகப் பெரிய அச்சிலும் அது போதாது. ஆனால் இவை யாவற்றினும் முதன்மையானது, தீர்மானம் எவரிடம் உள்ளது என்பதே.

ஆதலால் திறன்பேசி மாத்திரமே உள்ள ஆர்வலர் தாழ்வு மனப்பான்மை கொள்ளத் தேவையில்லை. விழிப்புடன் இருத்தலே தேவை. அழகுபடுத்தும் ஏற்பாட்டை நிறுத்திவைக்கலாம். ஒளிபடும் அளவைத் தாமே குறைத்தோ கூட்டியோ பழகலாம். மென்பொருள் இயன்றளவு குறைவாகத் தலையிட்ட மூலக்கோப்பைச் சேமிக்கும் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்தலாம். ஒளி எங்கிருந்து வருகின்றது என்று நோக்கும் பழக்கத்துக்கு எக்கருவியும் தடையன்று. கமரா தேவைப்படும் பணிகளுக்கு அதனை ஒவ்வொருவரும் தனியே வாங்க வேண்டுமென்பதுமில்லை. பழைய கமராவொன்றையும் நல்ல வில்லையொன்றையும் ஒரு கழகமோ மாணவர் சங்கமோ பொதுவுடைமையாக வைத்திருந்து, மாதமொருமுறை கூடி, எடுத்த படங்களை ஒளிவுமறைவின்றி விமர்சிக்குமாயின், அது பெட்டிக்குள் உறங்கும் பத்துத் தனிக் கமராக்களினும் பயன்மிக்கதாகும். எதனாற் படம் பிடிக்கின்றோம் என்ற வினா, எதனை, யாருக்காக, யாருடைய தீர்மானத்தின்படி பிடிக்கின்றோம் என்ற வினாக்களுடன் சேர்த்து எழுப்பப்படும்போதே பொருளுடையதாகின்றது.