நுங்கு வண்டியும் பூவரசம் பீப்பியும்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் தெருமுனையில் நுங்குக் குலைகளைக் குவித்து அமர்ந்திருக்கும் வியாபாரியிடம், சுளையைத் தனியே எடுத்துத் தராமல் காயின் தலையை மட்டும் சீவித் தரும்படி கேட்டு வாங்கி, கட்டைவிரலால் நோண்டி உண்ட பிறகு, மூன்று கண்ணோடு எஞ்சுகின்ற அந்தக் கூட்டைக் குப்பையில் எறிந்துவிடுகிற வீட்டில் குழந்தை ஒன்று இருக்குமானால், அதற்கு நியாயமாகச் சேரவேண்டிய ஒரு வண்டியும் குப்பையோடு போயிற்று என்றே நான் கருதுகிறேன்.

அந்த வண்டிக்கு வேண்டிய உபகரணங்கள் சொற்பம். இரண்டு கூடுகள், ஒன்றரைச் சாண் நீளத்தில் இரு முனையும் சீவிய ஒரு குச்சி, நுனியில் கவட்டையுள்ள நீண்ட கொம்பு ஒன்று. குச்சியின் முனைகளைக் கூடுகளின் நடுவே அழுந்தச் செருகினால் சக்கரமும் அச்சும் ஆயின; கவட்டையை அச்சின்மேல் வைத்துத் தள்ள வேண்டியதுதான். குச்சியைச் சீவுவது பெரியவர் வேலை. செருகுவது குழந்தையின் வேலை. முதல் தடவை அது கோணலாகத்தான் செருகும், வண்டியும் நொண்டும். அப்போது நம் கை பரபரக்கும். அதை அடக்கிக்கொண்டு சற்றே பொறுத்திருந்தால், குழந்தை குனிந்து பார்த்து, குச்சியைப் பிடுங்கி, வேறிடத்தில் குத்தி, மையம் என்ற சொல்லை அறியுமுன்பே மையத்தைக் கண்டுபிடித்துவிடும்.

குழந்தைகளின் சிறு வண்டி நமக்குப் புதிதன்று. முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டலுக்கென்றே ஒரு பருவம் உண்டு. சூத்திரகரின் மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்திலோ, சாருதத்தனின் இளம் புதல்வன் அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியோடு விளையாடிப் பழகியபின், தனக்குக் கிடைத்த மண் வண்டி வேண்டாமென்று அழுகிறான். அந்த மண் வண்டியைச் செய்து தந்தவள் வீட்டுப் பணிப்பெண். களிமண்ணைக் குழைத்து அவன் கையிலேயே கொடுத்திருந்தால், தானே பிடித்துவைத்த சக்கரத்தை விட்டுப் பொன்னுக்கு அழுதிருப்பானா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

ஜெர்மனியில் 1837-ஆம் ஆண்டு இளங்குழந்தைகளுக்கென ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்ட ஃபுரோபெல், காகிதம் மடிப்பதையும் பட்டை பின்னுவதையும் களிமண் பிசைவதையும் கல்வியின் அங்கமாகவே வைத்தார். அவர் கருத்து உலகெங்கும் பரவிற்று. நம் வீடுகளில்தான் தற்காலத்தில் தரை அழுக்காகிவிடும் என்ற அச்சம் மேலோங்கி நிற்கிறது.

மூன்று வயதுக் குழந்தைக்குக் கத்தரிக்கோல் வேண்டியதில்லை. பழைய செய்தித்தாளைக் கிழிப்பதே அதற்குப் போதிய ஆனந்தம். கிழித்ததை ஒட்டப் பசை வேண்டுமானால், மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, இளந்தீயில் பளபளப்பாகக் கெட்டிப்படும் வரை கிளறி இறக்கி, நன்றாக ஆறவைத்துக் கொடுக்கலாம். பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷம், குழந்தைகள் தொடும் பசையில் ஒரு துளியும் கூடாது.

இவை யாவற்றிலும் என் மனத்துக்கு உகந்தது பூவரசம் பீப்பி. முற்றாத, அதேசமயம் துவளாத இலையாகப் பறித்து, காம்பை நீக்கி, இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை மட்டும் விரலால் நசுக்கித் தட்டையாக்கி, அதை உதட்டில் வைத்து ஊத வேண்டும். நசுங்கிய வாயின் இரு இதழ்களும் மூச்சுக் காற்றில் அதிர்வதால் ஒலி பிறக்கிறது. நாயனத்தின் சீவாளி பேசுவதும் இந்த முறையில்தான்.

சென்ற வாரம் என் ஐந்து வயதுப் பேத்திக்கு இதைச் செய்து காட்டினேன். அவள் சுருட்டியது ஊதவில்லை.

“உங்களுது மட்டும் கத்துது தாத்தா, என்னுது ஏன் கத்த மாட்டேங்குது?” என்றாள்.

அவள் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தேன். இலை தளர்வாகச் சுருண்டிருந்தது, முனையோ காற்றுப் புக வழியின்றி நசுங்கிப்போயிருந்தது. திருத்தித் தர எழுந்த ஆவலை அடக்கிக்கொண்டு, என்னுடையதை அவளிடம் கொடுத்து, இரண்டையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மாறி மாறித் தொட்டாள். பிறகு ஒன்றும் பேசாமல் வேறோர் இலையை எடுத்துத் திண்ணையில் வைத்து உருட்டினாள். நான்காவது இலை, யானைக்குட்டி பிளிறுவதுபோல் ஒரு சப்தம் எழுப்பிற்று. அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறங்கியவள், விடிந்ததும் எடுத்து ஊதினாள். இரவில் இலை வாடிவிட்டது, வெறும் காற்றே வந்தது. அழுவாளோ என்று பயந்தேன். அவளோ வாடியதைத் திண்ணையில் வைத்துவிட்டு, செருப்பையும் மறந்து, பூவரச மரத்தடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.