விற்றவருக்குச் சிறை, வாங்கியவருக்கு?

காசு வாங்கிக்கொண்டு கல்லூரி மாணவருக்குக் கட்டுரை எழுதித் தருவது ஆஸ்திரேலியாவில் 2020 முதல் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் டாலருக்கு மேல் அபராதம். விளம்பரம் செய்தாலே மாட்டலாம். ஆனால் வாங்கின மாணவர் மேல் இந்தச் சட்டம் பாயாது. அவரைப் பல்கலைக்கழகம்தான் விசாரிக்கும். (இங்கிலாந்து 2022இல் தடை கொண்டுவந்தது. அங்கே விற்பவருக்கும் வெறும் அபராதம்தான்.)

வாங்க ஆள் இருப்பதால்தானே விற்கிறார்கள், இது என்னங்க நியாயம்னு கேட்கலாம்.

டர்னிட்டின் மாதிரி மென்பொருள், வரிகள் வேறெங்காவது ஒத்துப்போகுதா என்றுதான் தேடும். புதுசா உட்கார்ந்து எழுதிக் கொடுத்த கட்டுரையில் ஒத்துப்போக என்ன இருக்கு? ஆசிரியருக்குச் சந்தேகம் வரும், ஆதாரம் இருக்காது. ரசீது, மின்னஞ்சல் எல்லாம் மாணவரிடம்தான். ஜெயில்னு சொன்னால் அவர் வாயைத் திறப்பாரா? விற்றவரே பிறகு, "கல்லூரியில் சொல்லிடுவேன்" என்று மிரட்டிப் பணம் பறிப்பதும் நடக்கிறது. அந்தப் பையன் யாரிடமாவது போய்ச் சொல்ல வழி வேண்டாமா? அதனால் இந்தப் பாகுபாடு சரி என்றே நினைக்கிறேன்.

சிக்கல் வேறு இடத்தில். எழுதுகிறவர்களில் நிறையப் பேர் கென்யா போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் போலீஸ் அங்கே போய்ப் பிடிக்கவா முடியும்? ஆனால் உயர்கல்வியைக் கண்காணிக்கும் டெக்ஸா அமைப்பு நீதிமன்றத்துக்குப் போய் இணையதளத்தை முடக்கலாம். 2021இல் அப்படி ஒன்றை முடக்கவும் செய்தது. புது டொமைன் பெயர் வாங்க பத்து நிமிஷம் போதும்.