தையல் தொழிலாளர்கள் நடத்திய பள்ளிகள்

1881-ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அந்நாட்டு யூதர்கள் மீது கலவரங்கள் ஏவப்பட்டன. அன்று தொடங்கிய வெளியேற்றம், 1924-இல் அமெரிக்கா தன் குடியேற்றக் கதவை ஏறத்தாழ மூடும்வரை நீடித்தது. இக்காலத்தில் அமெரிக்காவை அடைந்த கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் சுமார் 20 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதியினருக்கு நியூயார்க் நகரின் நெரிசலான தையற்கூடங்களே வாழ்வளித்தன. 1911 மார்ச்சில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 146 பேர் மாண்டபோது, அவர்களில் பெரும்பாலோர் இளம் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்களாகவே இருந்தனர்.

இந்தத் தொழிலாளர்கள் தங்கள் சந்தாப் பணத்தில் பள்ளிகள் நடத்தினர் என்பது தொழிலாளர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத அத்தியாயம். அதுவும், அரசுப் பள்ளிகள் இலவசமாகக் கற்பித்துக் கொண்டிருந்த நகரங்களில்!

அவர்கள் பேசிய மொழி இத்திஷ். ஜெர்மானிய அடித்தளமும், எபிரேய, ஸ்லாவியச் சொற்களும் கொண்டது. எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. வழிபாட்டுக்கும் புலமைக்கும் எபிரேயம் இருந்ததால், இத்திஷைக் கற்றோர் கொச்சை மொழியாகவே கருதினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷோலெம் அலெய்கெம், பெரெட்ஸ் போன்றோர் அதில் உயர்ந்த இலக்கியம் படைத்தனர். 1908-இல் செர்னோவிட்ஸ் நகரில் கூடிய மாநாடு, இத்திஷும் யூத மக்களின் ஒரு தேசிய மொழி என்று அறிவித்தது.

1905-ஆம் ஆண்டு ரஷ்யப் புரட்சி தோற்றபின் அமெரிக்கா வந்தவர்களில் சோஷலிசம் பயின்றவர்கள் பலர். மதத்தை விட்டு விலகிய இவர்களுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. பிள்ளைகள் பகலில் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றனர். வீடு திரும்பும்போது தாயின் பேச்சே அவர்களுக்கு வெட்கமூட்டியது. மாலையில் சமயப் பாடசாலைக்கு அனுப்பப் பெற்றோரின் கொள்கை இடம் தரவில்லை. அப்படியானால் பிள்ளைக்கு எதைக் கையளிப்பது?

இதற்கு விடையாக, தொழிலாளர் சியோனிச இயக்கத்தினர் 1910-இல் நியூயார்க்கில் 'தேசிய ராடிக்கல்' பள்ளியைத் தொடங்கினர். 'ராடிக்கல்' என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மதச்சார்பற்ற, சோஷலிச நோக்குடைய கல்வி என்பதே பொருள். கனடாவின் வின்னிபெக் நகரில் 1914-இல் தோன்றிய இத்தகைய பள்ளி, பின்னர் பெரெட்ஸின் பெயர் தாங்கிப் புகழ்பெற்றது.

பொருளியல் கற்பித்தவன் என்பதால், பள்ளியின் வரவு செலவே என் கண்ணில் முதலில் படுகிறது. 'தொழிலாளர் வட்டம்' என்ற சங்கம் உண்மையில் ஒரு பரஸ்பர உதவி நிதி. உறுப்பினர் செலுத்தும் சந்தாவிலிருந்து நோய்க்கால உதவி, மருத்துவர், ஈமச் செலவு ஆகியவை கிடைத்தன. நோய்க்கும் சாவுக்கும் சேர்ந்த பணமே பின்னர் கல்விக்கும் கைகொடுத்தது. ஆனால் அச்சங்கம் எளிதில் இசையவில்லை. சர்வதேசியம் பேசிய மூத்த சோஷலிஸ்டுகளுக்கு இத்திஷ் ஒரு கருவி மட்டுமே. அவர்கள் ஆங்கிலத்தில் ஞாயிறு வகுப்புகள் நடத்திப் பார்த்தனர். 1918-இல்தான் சங்கத்தின் இத்திஷ் பள்ளிகள் தொடங்கின.

அரசுப் பள்ளி முடிந்தபின் மாலையில் வகுப்பு கூடும். இத்திஷ் எழுத்து, இலக்கியம், யூத வரலாறு, தொழிலாளர் போராட்டங்கள், பாட்டு ஆகியவை பாடங்கள். துணி தேய்க்கும் தொழிலாளியாக உழன்ற மாரிஸ் ரோசன்ஃபெல்டின் கவிதைகளுக்கு அங்கு தனி இடம் உண்டு. எகிப்திலிருந்து அடிமைகள் மீண்ட பாஸ்கா விழா, கடவுளின் அற்புதமாக அன்றி விடுதலைப் போராட்டமாக விளக்கப்பட்டது. ஆனால் வேதாகமத்தைப் பாடமாக வைப்பதா என்பதில் ஆசிரியர்களிடையே ஓயாத வாதம். இலக்கியமாகவேனும் அது வேண்டும் என்றவர்கள் பக்கமே நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. அதைத் தள்ளிவிட்டால் பெரெட்ஸின் கதைகளே பாதி புரியாமல் போகும்.

இதைவிடக் கசப்பானது கட்சிச் சண்டை. ஷோலெம் அலெய்கெம் பெயரிலான பள்ளிகள் கட்சி சாராமல் ஒதுங்கி நின்றன. தொழிலாளர் வட்டத்திலிருந்து பிரிந்த கம்யூனிஸ்ட் சார்பாளர்கள் 1930-இல் 'சர்வதேசத் தொழிலாளர் அமைப்பை' நிறுவித் தனிப் பள்ளிகள் நடத்தினர். இன வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரே கட்டணத்தில் காப்பீடு அளித்த பெருமை அவ்வமைப்புக்கு உண்டு. ஆனால் மாஸ்கோவின் மீது அவர்கள் வைத்த நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசு கொடியது. இடதுசாரிகள் கொண்டாடிய இத்திஷ் எழுத்தாளர்கள் சிலர், குழந்தைக் கவிஞர் லெய்ப் க்விட்கோ உட்பட, 1952 ஆகஸ்டில் ஸ்டாலின் ஆட்சியால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த உண்மை 1956-இல்தான் வெளிப்பட்டது.

அதற்கு முன்பே அமெரிக்க அரசு அந்த அமைப்பை முடித்துவிட்டது. 1947-இல் அதைத் தேசவிரோதப் பட்டியலில் சேர்த்தனர். பின்னர் நியூயார்க் மாநிலக் காப்பீட்டுத் துறை அதைக் கலைக்க வழக்குத் தொடுத்தது. அமைப்பின் நிதிநிலை உறுதியானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை; அதன் அரசியலே பாலிசிதாரர்களுக்கு ஆபத்து என்று வாதிட்டார்கள். 1954-இல் அது கலைக்கப்பட்டது. நட்டமில்லாத காப்பீட்டு நிறுவனம் கொள்கைக்காகக் கலைக்கப்பட்டதை விந்தை என்பதா, அநீதி என்பதா?

ஆனால் அடக்குமுறை மட்டுமே இப்பள்ளிகளை வீழ்த்தியதாகச் சொல்வது பாதி உண்மைதான். தன் பிள்ளை தையல் இயந்திரத்தின் முன் உட்காரக் கூடாது என்பதே ஒவ்வொரு தையல் தொழிலாளியின் கனவு. அக்கனவு நிறைவேறியது. பிள்ளைகள் ஆசிரியர்களாக, மருத்துவர்களாக, கணக்காளர்களாகிப் புறநகர்களுக்குச் சென்றனர். தொழிலாளி வர்க்கப் பெருமை ஊட்டிய பள்ளியில், அந்த வர்க்கத்தை விட்டு வெளியேறப்போகும் குழந்தைகளே உட்கார்ந்திருந்தனர். வேலைக்கோ வணிகத்துக்கோ இத்திஷ் தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் இனப்படுகொலைக்குப் பலியான 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் இத்திஷ் பேசியவர்கள். ஆகவே, போருக்குப்பின் அம்மொழிக்குப் புதிய ஊற்றும் இல்லை.

இன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கடைகளிலும் தெருக்களிலும் குழந்தைகள் இத்திஷில் பேசி விளையாடுவதைக் கேட்கலாம். அவர்கள் அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் அல்லர். கடுமையான சமய ஒழுக்கம் பேணும் ஹசிதியக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களது பள்ளிகளில் பெரெட்ஸின் கதைகளுக்கு இடமில்லை.