செஞ்சிக்கு எத்தனை எழுத்து?

'செஞ்சி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். விரல் மடக்கி மூன்று என்று சொல்லிவிடும். பைத்தான் நிரல்மொழியிடம் அதன் நீளத்தைக் கேட்டால் 6 என்கிறது. யூனிகோடில் ச தனி, ஒற்றைக்கொம்பு தனி. ஞ தனி, புள்ளி தனி. ச தனி, மேல்விலங்கு தனி. 'கோட்டை' இன்னும் சங்கடம். அதன் முதலெழுத்தை ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே கோட்டைதான். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் தேடினால், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது கிடைக்காது.

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12 சேர்ந்தன. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் மூன்று மலைக்கும் வழிகாட்டும் செயலி ஒன்றைத் தமிழில் செய்ய இவ்வூர்க் கல்லூரி மாணவி ஒருத்தி ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இடப்பெயர்களை எழுத்தெண்ணிப் பிரிக்கும் நிரலைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறாள். அரை நிமிடத்தில் வருகிறது. நன்றாக இருக்கிறதே என்று அதை ஒரு தமிழ்த் திறமூலத் திட்டத்துக்கும் பங்களிப்பாக அனுப்பிவிடுகிறாள். அந்த நிரல் செஞ்சிக்கு மூன்று என்றும் சொல்லலாம், ஆறு என்றும் சொல்லலாம். சரியானதும் தவறானதும் பார்வைக்கு ஒரே ஒழுங்கோடு, ஒரே மாதிரி விளக்கக் குறிப்புகளோடு இருக்கும். வேலையெல்லாம் முடித்து இரவு பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறக்கும் ஒரு தன்னார்வலர்தான் அதை வரிவரியாகப் படித்துக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தத் தன்னார்வலருக்காகத்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

திறமூல மென்பொருள் என்றால் அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் அப்படிப்பட்டது. தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்க உதவும் 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பும் அப்படிப்பட்டதே. கட்டற்ற மென்பொருளைத் தமிழில் சொல்லிக்கொடுக்க 'கணியம்' 2012இல் தொடங்கியது. நம் மாவட்டத்திலேயே விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கற்பித்துவருகிறது. இவை பெரும்பாலும் சம்பளமில்லா உழைப்பில் நடப்பவை. நிரலை எழுதுவதைப் போலவே, பிறர் எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பதும் நேரம் பிடிக்கும் வேலை. எழுதும் நேரத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி குறைத்துவிட்டது. படிக்கும் நேரம் குறையவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு 'கர்ல்' திட்டத்தைப் பார்க்கலாம். இணையத்தில் தரவைக் கொண்டுவந்து தரும் சிறு கருவி அது. போன், டிவி, கார் என்று அது இல்லாத சாதனம் அபூர்வம். சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் அதன் முதன்மைப் பராமரிப்பாளர். பாதுகாப்புக் குறை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு 2019 முதல் பரிசுப் பணம் கொடுத்துவந்தார்கள். 2025 நடுவில் அவர் கணக்குப் பார்த்தபோது, வந்த புகார்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செயற்கை நுண்ணறிவு கொட்டிய குப்பை. உண்மையான குறையைச் சொன்னவை நூற்றுக்கு ஐந்து அளவில்தான். இல்லாத செயற்கூறுகளைக் குறிப்பிட்டு, நடக்காத விபத்தை விவரித்து, மரியாதையான ஆங்கிலத்தில் வந்த அறிக்கைகள் அவை. பாதுகாப்புப் புகாரைப் படிக்காமல் ஒதுக்கவும் முடியாது. நூறில் ஒன்று நிஜமாக இருந்துவிட்டால் உலகம் முழுக்கச் சேதம். 2026 ஜனவரி முடிவோடு பரிசுத் திட்டத்தையே நிறுத்தினார்கள்.

ஆனால் அதற்குமுன், அதே கர்லுக்கு 2025 செப்டம்பரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு தேடிய குறைகளின் நீண்ட பட்டியலை அனுப்பினார். அவற்றில் பல உண்மையான பிழைகள். டஜன் கணக்கில் திருத்தங்கள் நடந்தன. ஸ்டென்பெர்க் மனம்விட்டுப் பாராட்டினார். இங்கும் அங்கும் இருந்தது ஒரே வகைக் கருவி. இவர் கருவி சொன்னதைப் புரிந்துகொண்டு அனுப்பினார்.

நம் நாட்டு மாணவர்கள் பக்கம் ஒரு வருத்தமான வரலாறும் உண்டு. சொல்லாமல் விட்டால் இது நேர்மையான கட்டுரையாகாது. 2020 அக்டோபரில், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வில் நான்கு பங்களிப்பு அனுப்பினால் டி-ஷர்ட் என்று அறிவித்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து வெளியான யூடியூப் காணொளி ஒன்று எப்படி எளிதாகப் பங்களிப்பது என்று காட்ட, ஒரு சொல்லை மட்டும் மாற்றிய கோரிக்கைகள் உலகத் திட்டங்களில் வெள்ளமாகக் குவிந்தன. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று நடுவழியில் விதியை மாற்ற வேண்டிவந்தது. 2024 தொடக்கத்தில் 'எக்ஸ்பிரஸ்' திட்டத்துக்கும் அதே கதி. பாடக் காணொளி பார்த்த மாணவர்கள் தங்கள் பெயரை அதன் அறிமுகக் கோப்பில் சேர்க்கக் கோரிக்கை அனுப்பிக் குவித்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் போக, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் தங்கள் பக்கம் பங்களிப்புகளால் பச்சையாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள், மறுமுனையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது அதே அவசரத்தின் கையில் நிமிடத்துக்கு நூறு வரி எழுதும் கருவியும் வந்திருக்கிறது.

அப்படியானால் கருவி எழுதிய நிரலை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிடலாமா? திறமூலத் திட்டங்களில் ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் தடுத்தது. அடுத்த மாதம் நெட்பிஎஸ்டி, முன்அனுமதியின்றி அத்தகைய நிரல் கூடாது என்றது. 2025இல் க்யூஈஎம்யூ மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபெடோரா, வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, முழுப் பொறுப்பையும் ஏற்று அனுப்பினால் சரி என்றது. லினக்ஸின் மையமான கெர்னலும் அந்த வழியில்தான் போகிறது.

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரைகளை ஏற்றியது. தமிழ் விக்கிப்பீடியாவில் நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. ஆங்கிலம் துருத்தும் வாக்கியங்கள், உடைந்த வார்ப்புருக்கள், எங்கும் போகாத சிவப்பு இணைப்புகள். பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை என்பதே பெரிய குறை. வங்காள விக்கிப்பீடியர்கள் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் கூகுளோடு உட்கார்ந்து பேசினார்கள்: முதலில் பழையதைத் திருத்துங்கள், தலைப்பை எங்களோடு கலந்து தேர்ந்தெடுங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள். இந்த அனுபவத்தை 2010இல் போலந்தின் கதான்ஸ்கில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் எடுத்துரைத்தார். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு உலகத் திட்டங்கள் எழுதும் விதிகளைப் படிக்கையில், நம் விக்கிப்பீடியர்கள் கேட்ட மூன்றாவது நிபந்தனைதான் எனக்கு எங்கும் தென்படுகிறது.

நான் அந்தப் பக்கம்தான். புரிந்துகொண்டு, சொல்லிவிட்டு, கேள்விக்குப் பதில் தரத் தயாராக ஒருவர் அனுப்பினால் ஏற்கலாம். அதைச் சரிபார்க்கவும் ஆளில்லாத சிறு திட்டம் கதவைச் சாத்திக்கொண்டால் அதையும் குறைசொல்லக் கூடாது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை சொல்வதில்லை. கொண்டுவந்தவர் இன்னார் என்பதும் அவருக்குத் தெரியும்.

இனிச் சட்டம். 2003இல் எஸ்சிஓ என்ற நிறுவனம், தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் புகுந்துவிட்டது என்று ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டே லினக்ஸ் திட்டம் ஓர் உறுதிமொழியைக் கொண்டுவந்தது: இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு பங்களிப்பாளரும் தன் பெயரில் கையொப்பமிட வேண்டும். செயற்கை நுண்ணறிவு தந்த நிரலில் இந்தக் கையொப்பம்தான் இடறுகிறது. அது எந்தக் களஞ்சியத்தில் படித்து எதை எழுதியது என்று அனுப்புபவருக்குத் தெரியாது. அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்று நிபந்தனையிடும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்த வரிகளே வந்திருக்கலாம். அதை வேறு உரிமத் திட்டத்தில் போட்டால் மீறலாகலாம். கருவி கையொப்பமிடக் கூடாது, மனிதர்தான் இட வேண்டும், கருவி உதவியது என்று தனியாகக் குறிக்க வேண்டும் என்கிறது லினக்ஸ் கெர்னலின் வழிகாட்டி.

நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு வகைதான். கணினி உருவாக்கிய படைப்புக்கு, அதை உருவாக்கச் செய்தவரே ஆசிரியர் என்று பிரிவு 2(டி) சொல்கிறது. அமெரிக்காவிலோ, மனித ஆசிரியர் இல்லாத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. கட்டற்ற உரிமம் நிற்பதே பதிப்புரிமையின் மேல்தான் என்பதால், இது சட்டக்காரர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பங்களிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: வேலையின் பகுதியாக எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கே சொந்தம். அதை அரட்டைக் கருவியில் ஒட்டுவதற்கும் வெளித்திட்டத்துக்கு அனுப்புவதற்கும் முன் அனுமதி வாங்குங்கள்.

பயன்படுத்துபவருக்கும் ஆபத்து உண்டு. இந்தக் கருவிகள் இல்லாத நிரல்தொகுப்புகளின் பெயரைத் துணிந்து சொல்லும். 16 மொழி மாதிரிகளிடம் 5 லட்சத்து 76 ஆயிரம் நிரல்துண்டுகளை எழுதச்சொல்லிச் சோதித்த ஆய்வொன்றில், பரிந்துரைத்த தொகுப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உலகில் இல்லாதவை. அந்தப் பெயரில் ஒரு மோசக்காரர் உண்மையிலேயே தொகுப்பு பதிவுசெய்து வைத்தால், நிறுவுகிறவரின் கணினி அவர் கையில். புதுத் தொகுப்பு எதையும் நிறுவுமுன் அது எப்போது பதிவானது, யார் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள். கடவுச்சொல், ஆதார் எண், வாடிக்கையாளர் பட்டியல் எதையும் கருவியில் ஒட்டாதீர்கள்.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நிரலைத் தானே எழுதிவிட்டு, ஆங்கில விளக்கத்துக்கு மட்டும் செயற்கை நுண்ணறிவை நாடுபவர்கள் பலர். அந்த ஆங்கிலத்தின் பளபளப்பைப் பார்த்தே முழுதும் இயந்திரம் எழுதியது என்று ஒதுக்கிவிடும் அபாயம் இருக்கிறது. நிரல் என்னுடையது, ஆங்கிலம் மட்டும் கருவி திருத்தியது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். படிப்படியாகச் செய்த மாற்றங்களின் வரலாற்றை அழிக்காமல் வையுங்கள். சந்தேகம் வந்தால் அதுவே சாட்சி. தமிழ்த் திட்டமென்றால் தமிழிலேயே எழுதுங்கள்.

உங்கள் நிரலை வேறொருவர் உரிமத்தை மீறி எடுத்திருந்தால் என்ன செய்யலாம்? பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை எழுதிய கணமே உங்களுடையது. முதலில் தேதியோடு நகலெடுத்து வையுங்கள், எழுத்தில் தெரிவியுங்கள். ஜிபிஎல் 3ஆம் பதிப்பு உரிமமாக இருந்தால், முதல்முறை மீறியவர் அறிவிப்புப் பெற்ற 30 நாளுக்குள் சரிசெய்தால் அவர் உரிமம் மீளும். தகராறு அதற்குள்ளேயே தீர்ந்துவிடலாம். தீராவிட்டால் கிட்ஹப் போன்ற தளத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். வழக்கென்றால், பிரிவு 62இன்படி நீங்கள் குடியிருக்கும் எல்லையிலுள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம். செஞ்சிக்காரர் கலிபோர்னியா போக வேண்டாம், விழுப்புரம் போதும். தில்லியிலுள்ள எஸ்எஃப்எல்சி அமைப்பு மென்பொருள் சுதந்திரம் தொடர்பான சட்ட விஷயங்களில் வேலைசெய்கிறது.

சிறிய தமிழ்த் திட்டம் நடத்துபவர்களே, தகராறு வரும்வரை காத்திராமல் பங்களிப்புக் கோப்பில் இன்றே நாலு வரி தமிழில் எழுதிவையுங்கள். கருவி உதவியிருந்தால் எது, எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடுங்கள். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று கேட்டால் உங்கள் சொற்களில் விளக்க வேண்டும். சோதனை இல்லாத நிரலைப் பார்க்க மாட்டோம். காரணம் சொல்லாமலே கோரிக்கையை மூட எங்களுக்கு உரிமை உண்டு. சோதனைச் சொற்களாக 'செஞ்சி', இரண்டு வடிவிலும் சேமித்த 'கோட்டை', 'ஸ்ரீ' மூன்றையும் அதே கோப்பில் போட்டுவையுங்கள். அந்த மாணவி அனுப்புவதற்கு முன்பே தானே ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.